இயங்க மறுக்கும் மடிக்கணினி: முதலில் எதைக் காப்பாற்றுவது?

படுவான்கரையில் உள்ள ஒரு பாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் என் மேசையில் இருக்கிறது. பெயரையும் ஊரையும் தவிர்த்து விடயத்தை மட்டும் இங்கே சுருக்கித் தருகிறேன். மட்டக்களப்பு நகரில் பாவித்த மடிக்கணினிகளை விற்கும் கடையொன்றில் அவர் 85,000 ரூபாவுக்கு ஒன்றை வாங்கி இரண்டரை மாதமாகிறது. ஆறு மாத உத்தரவாதம் என்று கடைக்காரர் அட்டையில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். மின்னலாலும் நீராலும் ஏற்படும் சேதத்துக்கு அது பொருந்தாது என்ற வரியும் அதே அட்டையில் உண்டு. சென்ற வாரம் இடியும் மழையுமாக இருந்த ஓர் இரவில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட, சார்ஜரைக் கழற்றாமலே மூடிவைத்துவிட்டு உறங்கியிருக்கிறார். காலையில் மின்சாரம் வந்திருந்தது; மடிக்கணினியின் ஆளியை அழுத்தினால் ஒளியும் இல்லை, ஒலியும் இல்லை. வீட்டுத் தொலைக்காட்சிக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் எந்தப் பழுதும் இல்லை.

ஈரம் பிடித்திருக்கும் என்று அம்மா அதை வெயிலில் வைத்திருக்கிறார். தம்பி ஓர் இரவு அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறார். பிறகு அயலூரில் உள்ள திருத்துமிடம் ஒன்றுக்குக் கொண்டுபோனபோது, ஒரு திருகாணியையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் "மதர்போட் போய்விட்டது, 42,000 ரூபா வரும்" என்று சொல்லி, கடவுச்சொல்லையும் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். அவர் கொடுக்காமல் திரும்பிவிட்டார். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்காக எழுதிவரும் செயல்நிலை ஆய்வு, மாணவர்களின் புள்ளிப் பதிவுகள், குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஆய்வைச் சமர்ப்பிக்க இன்னும் 12 நாட்களே உள்ளன. எல்லாம் போய்விட்டனவா, 42,000 ரூபாவைச் செலவழிக்கலாமா, மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விற்ற கடைக்கே கொண்டுபோனால் தவறா என்பன அவருடைய கேள்விகள்.

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கோப்புகள், இயந்திரத்தின் பழுது, கையிலிருந்து போகும் பணம் ஆகிய மூன்றும் ஒரே முடிச்சாகி உங்களை நெருக்குகின்றன. இந்த மூன்றையும் இதே ஒழுங்கில் தனித்தனியாக அவிழ்த்தால் உங்கள் மனச்சுமை பாதியாகக் குறையும். இரவில் தூக்கம் வராமல் நீங்கள் அஞ்சுவது கோப்புகளை எண்ணித்தான். ஆனால் இந்த மூன்றில் மிகக் குறைந்த ஆபத்தில் இருப்பவை அவைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவற்றை எப்படி வெளியே எடுப்பது என்பதைச் சற்றுக் கீழே விளக்குகிறேன். அதற்கு முன், உங்கள் மடிக்கணினியை இன்னொருவர் மேசையில் வைப்பதற்குள் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு.

பச்சை விளக்கு அணைந்து எரிவது ஏன்?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: சார்ஜரின் பச்சை விளக்கு எரிகிறது, எனவே சார்ஜர் நல்லது, ஆனால் மடிக்கணினியில் செருகினால் அந்த விளக்கு அணைந்து பிறகு எரிகிறது. கடிதத்திலுள்ள எல்லா வரிகளிலும் எனக்கு அதிகம் சொன்னது இந்த வரிதான்.

சார்ஜரின் வேலை, சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை ஏறத்தாழ 19 அல்லது 20 வோல்ற்று நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பது. அதில் விளக்கு எரிவது, எவரும் மின்னைக் கேட்காத நேரத்தில் வெளியீடு இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும். மடிக்கணினி கேட்கும் அளவு மின்னோட்டத்தைக் கொடுக்கும் வலு அதற்கு இருக்கிறதா என்பதை அந்த விளக்கு சொல்லாது. ஆகவே விளக்கு எரிவதால் சார்ஜர் நல்லது என்ற முடிவு சரியன்று. இதற்கு மேல், சார்ஜருக்குள் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து அளவுக்கு மீறிய மின்னோட்டம் இழுக்கப்பட்டால் அது தன் வெளியீட்டைத் துண்டித்து, சில கணங்களில் மீண்டும் கொடுத்துப் பார்க்கும். விளக்கு அணைந்து எரிவது அந்த ஏற்பாடு வேலை செய்வதன் அடையாளம். அப்படியானால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: மடிக்கணினிக்குள் மின் நுழையும் வழியில் எங்கோ குறுஞ்சுற்று ஏற்பட்டிருக்கிறது, அல்லது சார்ஜரே வலுவிழந்து சிறு சுமையையும் தாங்க முடியாமல் இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய இன்னொரு சார்ஜர் போதும். உடன் கற்பிக்கும் எவரிடமாவது அதே வகை மடிக்கணினி இருந்தால் இரவல் கேளுங்கள். சார்ஜரின் அடியில் வெளியீடு என்று அச்சிட்டிருக்கும் இடத்தில் வோல்ற்றளவு உங்களுடையதுடன் ஒத்திருக்க வேண்டும். அம்பியர் அளவு உங்களுடையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. டெல், எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றின் செருகியில் நடுவே மெல்லிய ஊசியொன்று உண்டு. சார்ஜரை மடிக்கணினி அடையாளம் காண்பது அதன் வழியாகத்தான் என்பதால், அது வளைந்தோ முறிந்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள். கைப்பேசிச் சார்ஜரைப் போல வடிவமுள்ள சி வகைச் செருகி உங்களுடையதாயின், கைப்பேசியின் சார்ஜரைக் கொண்டு சோதிக்க வேண்டாம். பெரும்பாலும் அதன் வலு போதாது, நல்ல மடிக்கணினியும் பழுதானதுபோலத் தோன்றும்.

இந்தச் சோதனைக்கு முன், எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு, பற்றரி வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, இயக்கும் ஆளியை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். மடிக்கணினி அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து ஆளியைக் கவனிக்கும் சிறிய கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்று உள்ளே இருக்கிறது. மின்சாரம் துள்ளி வந்துபோகும் இரவுகளில் அது சிலவேளை திகைத்து நின்றுவிடும். எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்தால் தெளிந்துவிடும். பிறகு இரவல் சார்ஜரை ஒருமுறை செருகிப் பாருங்கள். அதிலும் விளக்கு அணைந்து எரிந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மீண்டும் மீண்டும் செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் குறுஞ்சுற்று உள்ள பலகைக்கு ஒவ்வொரு முறை மின் கொடுக்கும்போதும், தப்பியிருக்கும் பாகங்களையும் பணயம் வைக்கிறோம்.

பற்றரியைப் பற்றியும் ஒரு சொல். முன்பே அது இருபது நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியாயின் சார்ஜர் இல்லாமல் இயங்கவில்லை என்பதைப் பழுதின் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் மடிக்கணினியை மேசையில் வைத்துப் பார்க்கும்போது அடிப்பகுதி ஆடினாலோ, தொடுபலகை மேலெழுந்து நின்றாலோ பற்றரி ஊதியிருக்கிறது என்று பொருள். அப்போது எந்தச் சோதனையும் வேண்டாம். அழுத்தாமல், குத்தாமல், சூடுபடாமல் வைத்திருந்து தெரிந்தவர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். லித்தியம் பற்றரியுள்ள எதையும் வெயிலில் காயவைக்கக் கூடாது என்பதையும் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். உங்கள் மடிக்கணினியில் நீர் படவே இல்லை என்பதால் அரிசியால் ஆகப்போவதும் ஒன்றுமில்லை. தவிட்டுத் தூசி துவாரங்களுக்குள் போனதுதான் மிச்சம். இருவரும் உங்கள் தவிப்பைப் பார்க்கமுடியாமல் செய்ததை எண்ணி வருத்தப்படாதீர்கள்.

ஆளியை அழுத்தும்போது விசிறி சுழன்று, விசைப்பலகையின் விளக்கு எரிந்து, திரை மட்டும் இருண்டிருந்தால் அது வேறு நோய். ரேம் பலகையையும் திரையையும் நோக்கிப் போகவேண்டியிருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி அதுவல்ல.

"மதர்போட் போய்விட்டது" என்ற தீர்ப்பு

இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கண் கலங்கி வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருடைய மடிக்கணினிகள் சார்ஜரை மாற்றியதுமே எழுந்தன. சிலருடையவை உண்மையிலேயே போய்விட்டிருந்தன. ஆக, அந்தத் தீர்ப்பு பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு திருகாணியையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் அந்தத் தீர்ப்பை எட்டமுடியாது என்பதையே சொல்கிறேன்.

மதர்போட் என்பது நூற்றுக்கணக்கான சிறு பாகங்கள் குடியிருக்கும் பலகை. சார்ஜரிலிருந்து வரும் மின் மொஸ்பெட் எனப்படும், வாயில்காவலர் போன்ற இரண்டு மின் ஆளிகளைக் கடந்து உள்ளே போய், 5 வோல்ற்றாகவும் 3.3 வோல்ற்றாகவும், செயலிக்கு வேண்டிய மிகச் சிறிய வோல்ற்றளவாகவும் பிரிகிறது. அந்தப் பிரதான வழியின் ஓரத்தில் குறுணி அரிசியளவான செராமிக் கொள்ளளவிகள் (மின்னைச் சற்றே தேக்கிவைக்கும் பாகங்கள்) வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்று உள்ளே வெடித்தாலும் வழி முழுவதும் நிலத்துடன் குறுஞ்சுற்றாகிவிடும். சார்ஜர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். உங்களுக்குக் கிடைப்பது உயிரற்ற ஒரு பெட்டி. கைதேர்ந்த திருத்துநர் பல்மானியால் அந்த வழியின் தடையை அளந்து, சிறிய வோல்ற்றளவைக் கவனமாகச் செலுத்தி, சூடாகும் பாகம் எது என்று கண்டு அதை மட்டும் மாற்றுவார். அந்தப் பாகத்தின் விலை சொற்பம். நீங்கள் கூலி கொடுப்பது அதைக் கண்டுபிடிக்கும் அறிவுக்கும் நேரத்துக்குமே. மாறாக, செயலிக்கு மின் பிரிக்கும் இடத்திலுள்ள மொஸ்பெட் ஒன்று உடைந்து 19 வோல்ற்று நேரே செயலிக்குள் பாய்ந்திருந்தால் அந்தப் பலகையை மறந்துவிடுவதே நல்லது. இந்த இரண்டில் எது நடந்திருக்கிறது என்பது அளந்தால் மட்டுமே தெரியும்.

எனவே யாரிடம் கொடுத்தாலும், எந்த வழியில் என்ன அளவு காட்டியது என்று கேளுங்கள். மாற்றப்போகும் பலகை புதியதா, இன்னொரு பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றியதா, அதற்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பலகையை உங்களிடம் தரவேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நேர்மையாகத் தொழில் செய்பவர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார். பெரிய சில்லைச் சூடாக்கி எழுப்பித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் இணங்காதீர்கள். அப்படி எழுந்தவை சில வாரங்களில் மீண்டும் படுத்துவிடுவதைத்தான் நான் கண்டிருக்கிறேன்.

85,000 ரூபாவுக்கு வாங்கிய பாவித்த பொருளுக்கு, அதே வயதுடைய இன்னொரு பலகையைப் போடுவதற்காக 42,000 ரூபா கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. அதிலும் உத்தரவாதம் உயிரோடிருக்கும்போது வேறோர் இடத்தில் பணம் கட்டித் திருத்துவது உங்கள் உரிமையை நீங்களே விட்டுக்கொடுப்பதாகும்.

கோப்புகளும் கடவுச்சொல்லும்

உங்கள் ஆய்வும் படங்களும் மதர்போட்டில் இல்லை. அவை எஸ்.எஸ்.டி. அல்லது வன்தட்டு என்ற தனிப் பாகத்தில் இருக்கின்றன. மெலிதான சில வகைகளில் மட்டும் அது பலகையோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். அலுவலகங்களில் பாவித்துவிட்டு இங்கே விற்பனைக்கு வரும் மடிக்கணினிகளில் அநேகமாக அதைக் கழற்றி எடுக்கலாம். கழற்றிய தட்டை அதற்குரிய யூ.எஸ்.பி. உறையில் போட்டு உங்கள் பாடசாலைக் கணினியில் செருகினால், உங்கள் கோப்புகள் பேனாத் தட்டில் இருப்பதுபோலத் திறக்கும். உறை வாங்கும்போது தட்டு எந்த வகை என்பதைக் காட்டிக் கேளுங்கள். பெரிய தட்டுக்கும் சுவிங்கம் துண்டு போன்ற எம்.2 தட்டுக்கும் உறை வேறு, எம்.2 தட்டிலும் சாட்டா, என்.வி.எம்.ஈ. என்று இரு வகை உண்டு.

ஒரு தடை வரக்கூடும். விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் மைக்ரோசொஃப்ட் கணக்கால் உள்நுழைபவராக நீங்கள் இருந்தால், நீங்கள் அறியாமலே தட்டு பிட்லொக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கலாம். அப்போது 48 இலக்க மீட்புத் திறவுகோல் கேட்கப்படும். கைப்பேசியிலிருந்து உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து, அந்தத் திறவுகோல் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, இருந்தால் தாளில் எழுதி வையுங்கள். மதர்போட்டை மாற்றினாலும் இதே திறவுகோல் தேவைப்படும் என்பதை விற்பவரும் திருத்துபவரும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

கடவுச்சொல்லைக் கொடுக்காமல் திரும்பியது மிகச் சரியான செயல். உயிரில்லாத மடிக்கணினிக்கு உயிர் கொடுக்கக் கடவுச்சொல் தேவையே இல்லை, தட்டுக்கூடத் தேவையில்லை. திரையில் தயாரிப்பாளரின் பெயர் தோன்றி, இயங்குதளம் காணப்படவில்லை என்ற செய்தி வந்துவிட்டால் மின் பழுது தீர்ந்தது என்று பொருள். ஆனால் கடவுச்சொல் இருப்பதால் படங்களை எவரும் பார்க்கமுடியாது என்று நீங்கள் எழுதியிருப்பது மட்டும் தவறு. பூட்டப்படாத தட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினால் விண்டோஸ் கடவுச்சொல் எதையும் தடுக்காது. ஆகவே தட்டை உங்கள் கைப்பையில் வைத்துக்கொண்டு, மடிக்கணினியை மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு. நம் ஊர்கள் சிறியவை. ஒரு படம் கைமாறினால் அதன் பிறகு எந்தச் சட்டத்தாலும் முழுமையாகத் திரும்பப் பெறமுடியாது. இதைக் கேட்பதற்கு எந்தப் பெண்ணும் கூச்சப்படத் தேவையில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை: அடியில் உத்தரவாத ஒட்டி இருந்தால் நீங்களோ தம்பியோ திறக்க வேண்டாம். விற்ற கடையில், உங்கள் கண்முன்னே, அவர்களே திறந்து தட்டை எடுத்துத் தரட்டும். "தட்டு வாடிக்கையாளரிடம் கொடுக்கப்பட்டது" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். அதுவரை, மேற்பார்வையாளருக்கு நீங்கள் அனுப்பிய வரைவுகள் மின்னஞ்சலின் அனுப்பியவை பகுதியில் இருக்கும். கைப்பேசியிலேயே அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள். தாமதம் நேரலாம் என்பதை மேற்பார்வையாளரிடம் இந்த வாரமே சொல்வது, கடைசி நாளில் சொல்வதைவிடப் பன்மடங்கு மேல்.

உத்தரவாதமும் முறைப்பாடும்

மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கள் என்பதே என் பதில். திருத்துபவருக்கு அது நோயாளியின் வரலாறு. மறைத்தால் அவர் தவறான இடத்தில் தேடுவார். மேலும், மின்னல்தான் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை. மின்கம்பி வழியே பெரும் பாய்ச்சல் வந்திருந்தால் அது முதலில் சந்திப்பது சார்ஜரைத்தான். அதன் விளக்கோ எரிகிறது, வீட்டில் மற்றவையும் நலம். பாவித்த பலகையிலுள்ள பழைய கொள்ளளவி ஒன்று தன் காலம் முடிந்து அன்றிரவு போயிருக்கவும் இடமுண்டு. இந்த நியாயங்களை நீங்கள் தலைநிமிர்ந்து பேசலாம். ஒரு பொய் வெளிப்பட்டால் இவை எல்லாமே வலுவிழந்துவிடும். வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதால் மின்னல் ஒன்றும் செய்யாது என்று கடிதத்தில் உள்ளதைக் கடையில் சொல்லவேண்டாம். அது மின் கசிவால் ஆட்கள் அதிர்ச்சிக்குள்ளாகாமல் காக்கும் கருவி, மின்னல் பாய்ச்சலைத் தடுப்பதன்று.

கடைக்காரர் மறுத்தால் உங்களுக்கு வழி உண்டு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு இணங்காத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். விசாரணையின் பின் பொருளை மாற்றிக் கொடுக்கும்படியோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியோ, இழப்பீடு கொடுக்கும்படியோ அதிகாரசபை கட்டளையிட முடியும். ஆனால் உத்தரவாதம் ஆறு மாதமாக இருப்பதால் முறையிடவும் ஆறு மாதம் இருக்கிறது என்று நீங்கள் எண்ணியிருப்பது உங்களைப் பெரிதும் பாதிக்கக்கூடிய தவறு. விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிட வேண்டும். உங்களுக்கு எஞ்சியிருப்பது ஏறத்தாழ இரண்டு வாரம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் அந்த அழைப்பு எழுத்து மூல முறைப்பாட்டுக்கு ஈடாகாது. சட்டத்தரணியின் உதவி தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

ஆகவே நாளைக்கே அட்டையையும் பற்றுச்சீட்டையும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மடிக்கணினியை ஏற்றுக்கொண்டால் திகதியும் பழுதின் அறிகுறியும் எழுதிய சீட்டு வாங்குங்கள்; பத்து நாட்களில் தெளிவான பதில் வராவிட்டால் காத்திருக்காமல் முறைப்பாட்டை எழுதுங்கள். வாங்கிய திகதி, கொடுத்த தொகை, இயங்காமல்போன நாள், சார்ஜரின் விளக்கு அணைந்து எரியும் விதம், கடைக்காரர் சொன்ன பதில் ஆகியவற்றை நடந்த ஒழுங்கிலேயே எழுதுங்கள். மழை பெய்து மின்சாரம் நின்ற அந்த இரவையும் மறைக்காமல் அதில் சேருங்கள்.